பேரும் வடிவும்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அந்தச் செவுத்தோரமாப் போடுங்க, வெயில்ல கெடந்தா போகையில காலு சுட்டுரும். ஐயாவைப் பாக்கத்தானே வந்திருக்கீய? அவுக சலூனுக்குப் போயிருக்காக. ஞாயித்துக்கிழமை, ஆளு நெறையா இருக்கும், இப்போதைக்கு வரமாட்டாக. உலகமே மாயைன்னு ஊருக்குச் சொல்லுத மனுஷன், மீசையில ஒரு முடி ஏறி இறங்கி இருந்தா பேச உக்கார மாட்டாக. உக்காருங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க.

என்ன, சேலையைப் பாக்கீய? பட்டுதான். விசேஷம் ஒண்ணும் இல்ல. அரக்குப் பட்டு, கட்டணும்னு தோணுச்சு, கட்டியிருக்கேன். வீட்டுப் பொம்பளை பட்டுக் கட்டக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?

எந்த ஊரு? கோவில்பட்டியா. அங்க இருந்து அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸுல இடிபட்டு வந்திருக்கீய. ஐயா பேச்சைக் கேக்க மெட்ராஸ்ல இருந்துகூட வாராக. வாரவுகள்ல பாதிப்பேரு சும்மா வரமாட்டாக. யாரையாவது பறிகொடுத்துட்டு வருவாக. உள்ள நுழையும்போதே எனக்கு மூஞ்சியைப் பாத்தாத் தெரியும். யாரு தம்பி? மகனா? சரி சரி, வயசைச் சொல்ல வேண்டாம். கேட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது, சொல்லுத உங்களுக்குத்தான் கஷ்டம்.

சம்சாரம் வரலையா? ஓ. அழுதுக்கிட்டே இருக்காளா. சோறு தண்ணி இல்லாம. பையன் சட்டையை மடியில வச்சுக்கிட்டு. சரிதான். ஐயா ஒரு வார்த்தை சொன்னா நிறுத்துவான்னு, அவுகளை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கீய.

தம்பி, ஐயா வார்த்தையைக் கேட்டு அழுகையை நிறுத்துன பொம்பளை ஒருத்தி இந்த ஊர்லயே இருக்கா. அவ கதையைக் கேட்டுட்டு அப்புறமா கூப்பிடுதியளா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. அவ வேற யாரும் இல்ல, நாந்தான். காப்பி குடிங்க, ஆறிரும்.

எங்களுக்கு ஒரே மக. வடிவுன்னு பேரு. எங்க மாமியா பேரு, அதைத்தான் வச்சோம். ஏழு வயசு. காய்ச்சல்னாக, மூளைக்கு ஏறிருச்சுன்னாக, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம், திரும்பி வரையில புள்ளை இல்ல. அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

அப்போ ஐயா ஐயா இல்ல. பஜார்ல ஒரு ஜவுளிக்கடையில வேலை. உலகநாதன்னு கூப்பிட்டா ‘சொல்லுங்க, என்ன எடுக்கட்டும்’னு ஓடி வார ஆளு. வேதாந்தமாவது ஒண்ணாவது. கோயிலுக்குப் போனாக்கூட சாமியைப் பாக்க மாட்டாக, எந்தப் பொம்பளை எந்த ஊரு நெசவு கட்டியிருக்கான்னுதான் பாப்பாக. புள்ளை போன அந்த வருஷந்தான் புஸ்தகமா வாங்க ஆரம்பிச்சாக. அதுவரைக்கும் அவுகளுக்கு ஞானம் வரல, நல்லவேளையா அந்த வருஷம் வந்துச்சு. அப்படித்தான் நான் நினைச்சேன்.

புள்ளையை எடுத்துட்டுப் போன பெறகு நான் தரையில உருண்டு அழுதேன். ஊரே நின்னு பாத்துச்சு. அவுக பக்கத்துல வந்து குத்தவச்சு உக்காந்து, எங்காதுல மட்டும் விழுத மாதிரி ஒண்ணு சொன்னாக. “அழாத ஆவுடை. நீ அழுதா அது நிசமாயிரும்”னு.

எவ்வளவு பெரிய தத்துவம் பாருங்க! ஒரு புஸ்தகம் படிக்காத முன்னாலயே அவுக வாயில அது வந்துருச்சு. இப்போ மாடியில மணிக்கணக்காப் பேசுதாகளே, அம்புட்டும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள அடக்கம். நான் கண்ணைத் தொடைச்சேன். அன்னைக்குத் தொடைச்சதுதான்.

பெறகு ஒவ்வொண்ணாச் சொல்லிக் கொடுத்தாக. எனக்குப் புரியுத மாதிரி ஜவுளியை வச்சே சொல்லுவாக. நீங்களும் இன்னைக்குக் கேப்பீய, எந்தப் பேச்சுலயும் அது வராம இருக்காது. ‘சேலைங்கிறது என்ன? ஒரு பேரு, ஒரு வடிவு. பிரிச்சுப் பாத்தா நூலு. நூலும் ஒரு பேரு, ஒரு வடிவு. பிரிச்சுப் பாத்தா பஞ்சு. சேலை கிழிஞ்சா பஞ்சு கிழியுமா? அப்போ போனது என்ன? பேரும் வடிவும். ரெண்டும் முதல்லயே பொய். பொய் போனதுக்கு யாராவது அழுவாகளா?’ன்னு கேப்பாக. கூட்டம் அப்படியே கட்டுண்டு கெடக்கும்.

முதத்தடவை அதைக் கேக்கையில காதைப் பொத்திக்கிட்டேன். எம்புள்ள பேரே வடிவு. வடிவு பொய்யின்னு பெத்த தகப்பன் சொல்லுதாக. ஆனா நான் நம்புனேன் தம்பி. ஏன்னா நம்பலைன்னா நான் செத்திருப்பேன். சும்மா தலையாட்டல, முழுசா நம்புனேன். அவுக போட்டோவைக் கழட்டச் சொன்னாக, கழட்டுனேன். புள்ளை துணிமணியை எல்லாம் யாருக்காவது கொடுன்னாக, கொடுத்தேன். மாங்கா பார்டர் போட்டு நானே கையால தச்ச பாவாடை ஒண்ணு, அதைத் தெருக்கோடி வீட்டுப் புள்ளை உடுத்திக்கிட்டு எங்க வாசல்ல பாண்டி விளையாடும். நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே, நூலு, பஞ்சு, நூலு, பஞ்சுன்னு சொல்லிக்கிடுவேன். அப்படியே பழகிருச்சு. அடுப்படியில சோறு பொங்கி வழிஞ்சாக்கூட, வழியுதது பேருன்னு சொல்லுத அளவுக்கு வந்துட்டேன். அவுகளே சிரிச்சு, ‘இதை மட்டும் இறக்கி வையி’ன்னாக.

ஊருல எனக்கு நல்ல பேரு. ஆவுடையம்மாளா, அவ பெரிய ஞானியாச்சேன்னு சொல்லுவாக.

எங்கூடப் பொறந்த அக்கா ஒருத்திதான் ஒத்துக்கிடல. பிச்சம்மா, கடையத்துல கட்டிக்கொடுத்தது. உங்க பக்கமும் இந்த முறை இருக்குமே தம்பி, கல்யாணம் ஆகாம ஒரு பொம்பளப்புள்ள போயிருச்சுன்னா அது வீட்டுக்குக் கன்னி. வருஷத்துக்கு ஒருநாள், பொங்கலுக்கு, புதுத்துணி எடுத்து, வளையல், ரிப்பன், பூ எல்லாம் சேத்து ஒரு பெட்டியில வச்சுக் கும்புடணும். அடுத்த வருஷம் புதுசு வைக்கையில பழசை எடுத்து வீட்டுப் பொம்பளைக உடுத்திக்கிடணும். பெட்டியிலயே போட்டு வைக்கக்கூடாது. கன்னி நம்மளோடயே நடமாடுதுன்னு அர்த்தம். முதப் பொங்கலுக்கு பிச்சம்மா ஒரு பாவாடை சட்டையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா.

“ஏட்டி ஆவுடை, புள்ளைக்கு வச்சுக் கும்புடாம இருக்காதட்டி. அது வாசல்லயே நிக்கும்”னா.

நான் அவுக சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமச் சொன்னேன். “பாவாடைங்கிறது வெறும் பேரு அக்கா. உள்ளது நூலு. நூலும் பேரு. உள்ளது பஞ்சுதான்.”

அவ என்னையே பாத்தா. “பஞ்சாட்டி உம்புள்ள?”ன்னு கேட்டா. கேட்டுட்டு அந்தப் பாவாடையை இந்தா இந்த நடையில வச்சிட்டு எந்திரிச்சுப் போனவதான். அதுக்குப் பெறகு இந்த வீட்டுல காலு வைக்கல. நானும் கூப்பிடல. அறியாமையில கெடக்கான்னு அவளுக்காகப் பரிதாபப்பட்டேன், கேட்டியளா? போன சித்திரையில அவளும் போயிட்டா. போய் நின்னேன். அங்கயும் அழுகை வரல. அவ மக என்னைப் பாத்து, ‘சித்தி, உங்களுக்குக் கண்ணீருன்னு ஒண்ணு வச்சுப் படைச்சிருக்கானா இல்லையா’ன்னு கேட்டா. அதுக்கும் நான் சிரிச்சேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, நான் எதைக் கொடுத்து இந்த ஞானத்தை வாங்குனேன்னு உங்களுக்குத் தெரியணும்.

இப்போ கேளுங்க. மாடியில அவுக பேசுத எடத்துல ஒரு மரப்பெட்டி கெடக்கும். மேல காவித்துணி விரிச்சிருக்கும். அது மேல சம்மணம் போட்டு உக்காந்துதான் பேசுவாக. கல்லு மாதிரி கனம். பூட்டித்தான் இருக்கும். உள்ள பழைய ஏடு, கிடைக்காத புஸ்தகம்னு சொல்லியிருந்தாக. நானும் வருஷக்கணக்கா அதைத் தொடைக்கேன், விசேஷ நாள்ல சந்தனம் குங்குமம் வைக்கேன். ஞானம் இருக்கிற பெட்டியில்லா!

போன வாரம் அவுக தென்காசிக்குப் பேசப் போனாக. கூட்டிப் பெருக்க மாடிக்குப் போனா, செவுத்துல இருந்து பெட்டிக் காலு வரைக்கும் கரையான் கோடு போட்டிருக்கு. எனக்குப் பதறிப்போச்சு. அவுக புஸ்தகம் போச்சேன்னு. சாவி எங்கன்னு தெரியல. அம்மிக்குழவியைத் தூக்கிட்டுப் போய், பூட்டு மாட்டியிருந்த கொண்டியில நாலு போடு போட்டேன். பேந்துக்கிட்டு வந்துச்சு.

புஸ்தகம் இல்ல தம்பி.

பாச்சை உருண்டை வாசம் குப்புன்னு அடிச்சுச்சு. எல்லாம் துணி. மேல ஒரு பழைய பட்டுச்சேலை இருந்துச்சு, அதை ஓரமா எடுத்து வச்சேன், அதுக்கு அப்புறம் வாரேன். அடியில இருந்து பாப்போம்னு கையை விட்டேன். ஒரு பாவாடை சட்டை வந்துச்சு. மஞ்சச் சட்டை. பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. பிச்சம்மா நடையில வச்சிட்டுப் போனாளே, அது. எங்க போச்சு அதுன்னு அன்னைக்குக் கேட்டேன், ‘யாருக்கோ கொடுத்துட்டேன்’னாரு. அது ஒண்ணு மட்டும் நைஞ்சு, நிறம் வெளுத்து, ஓரமெல்லாம் பிரிஞ்சு கெடக்கு. ஒரு புள்ளையும் உடுத்தாத துணி எப்படி நையும்? எனக்கு இன்னும் புரியல.

அதுக்கு மேல இன்னொரு பாவாடை, அதை விடக் கொஞ்சம் நீளம். அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் நீளம். வருஷா வருஷம் எடுத்திருக்காரு. கண்ணாடி வளையலும் காகிதத்துல சுத்தி சுத்தி வச்சிருக்கு, அதுவும் வரவர வட்டம் பெருசு. ஊரைக் கூட்டி உக்கார வச்சு, கன்னியாவது கும்புடுததாவது, எல்லாம் அறியாமைன்னு சொன்ன மனுஷன் எடுத்திருக்காரு. ஒழுங்கா முறை தெரிஞ்சாவது செஞ்சாரா? கன்னி வளராது தம்பி! செத்த வயசுலயேதான் நிக்கும். ஏழு வயசுப் புள்ளைக்கு என்னைக்கும் ஏழு வயசுத் துணிதான் வைக்கணும். எங்க ஊர்ல சின்னப்புள்ளைக்குக்கூட இது தெரியும். நம்ம ஐயாவுக்கு எங்க தெரியும், அதையெல்லாம் கேலி பேசிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு! முறை தெரியாம, புள்ளையை வளத்துட்டாரு.

ஒவ்வொண்ணா எடுக்கேன், அவ வளருதா. பிரிச்சு பிரிச்சு எம்மேல வச்சுப் பாக்கேன். முட்டி வரைக்கும் வருது. கணுக்காலு வரைக்கும் வருது. அப்புறம் ஒரு தாவணி வந்துச்சு. பச்சைத் தாவணி.

தாவணி தம்பி. எம்புள்ள பெரியமனுஷி ஆயிருக்கா. எனக்குத் தெரியாது.

அப்புறம் சுடிதாரு. காலேஜுக்குப் போயிருப்பா போல. எனக்கு அவ ஏழு வயசுலயே நின்னுட்டா. நின்னாளா, அதுகூட இல்ல, அவ பேரு, வடிவு, பொய்யின்னு நான் தொடைச்சுப் போட்டுட்டேன். இந்த மனுஷனுக்கு அவ எந்திரிச்சு, நடந்து, சடங்காகி, படிச்சு, எல்லாம் ஆகியிருக்கா. எங்கயோ ரெண்டு பேரும் தனியா ஒரு குடித்தனம் நடத்தியிருக்காக. நான் கீழ அடுப்படியில நின்னு நூலு, பஞ்சு, நூலு, பஞ்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

சொல்லுங்க, இதுக்குப் பேரு என்ன? வேற பொம்பளையை வச்சுக்கிட்டிருந்தாருன்னாக்கூட இந்தக் கொதிப்பு கொதிச்சிருக்காது எனக்கு. நாலு ஏச்சு ஏசிட்டு விட்டிருப்பேன்.

ராத்திரி பகலா யோசிச்சுட்டேன். ஒரு கயித்தைப் பாத்து பாம்புன்னு பயந்தோம், விளக்கைக் கொண்டாந்தாக் கயிறுன்னு தெரியும், பயம் போயிரும்னு சொல்லுவாக. அதையும் இன்னைக்குக் கேப்பீய. எங்கையில விளக்கைக் கொடுத்து, ‘பாரு, கயிறுதான், பாரு, கயிறுதான்’னு நிப்பாட்டிட்டு, இவரு இருட்டுக்குள்ள போயி பாம்பைக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்காரு. சாமியே இல்லைங்கிறவன்கூட ஒரு வகையில நேர்மை. அவன் சொல்லுததைச் சொல்லிட்டு அப்படியே இருக்கான். இந்த மனுஷன் உண்மைன்னு ஒண்ணைத் தனக்குன்னு பெட்டியில வச்சுப் பூட்டிட்டு, அது மேல உக்காந்து இன்னொண்ணை எனக்குக் கொடுத்திருக்காரு. எது தம்பி நிசம்? அவரு வாயில வந்ததா, அவரு உக்காந்திருந்ததா? ஊருக்குச் சொன்னதைப் பத்திக் கவலை இல்ல. ஊரு கேக்கும், காப்பி குடிக்கும், வீட்டுக்குப் போயி அழும். நான் ஒருத்திதான் நம்புனேன். உலகத்துலயே அவுக பேச்சை நம்புனது நான் ஒருத்திதான், அவுககூட இல்ல!

கண்ணு கலங்குதா? எனக்கா? அது கலங்கல தம்பி, பொரை. ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காக, ஆபரேஷன் பண்ணணும்னு.

அந்தச் சேலையைப் பத்திச் சொல்லுதேன்னேன்லா. எல்லாத்துக்கும் மேல இருந்த பட்டு. உள்ள மடிப்புல தச்ச ரவிக்கை ஒண்ணு. யாரு அளவுல தச்சிருக்காருன்னு நினைக்கீய? கல்யாணமான புதுசுல நான் போட்ட ரவிக்கை ஒண்ணு காணாமப் போச்சு, எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு நினைச்சேன். அதைத் தூக்கிட்டுப் போய் டெய்லர்கிட்ட அளவு கொடுத்திருக்காரு. கழுத்து இறக்கம்கூட அதே அளவு. மக எஞ்சாடையில வருவான்னு கணக்குப் போட்டிருக்காரு போல. பொண்டாட்டி ரவிக்கையைத் திருடுத மனுஷனை நீங்க எங்கயாவது பாத்திருக்கீயளா? கேவலம்.

சேலையை விரிச்சேன். விலை கூடுன சேலை, முந்தி முழுக்க ஜரிகை. ஜவுளிக்கடைக்காரன் பொண்டாட்டி நான், எனக்குத் தெரியாதா? அந்த மாதிரிச் சேலையை ஒரு வீட்டுல ஒரு விசேஷத்துக்குத்தான் எடுப்பாக. கூரைச்சேலை. முந்தியில மஞ்ச தடவி, குங்குமம் வச்சிருக்கு. மஞ்சக்கயிறு ஒண்ணும் அதுக்குள்ள சுருட்டி வச்சிருக்கு.

அதுக்கு மேல துணி இல்ல. எத்தனையோ பொங்கல் போயிருச்சு, ஒண்ணும் இல்ல. ஏன்னு யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சுச்சு. கட்டிக்கொடுத்தாச்சுல்லா? இனிமே மாப்பிள்ளை எடுத்துக் கொடுப்பாருன்னு விட்டுட்டாரு.

எம்புள்ள கல்யாணம் நடந்திருக்கு தம்பி. என்னைக் கூப்பிடல.

இதே வீட்டுல, மாடியில நடந்திருக்கு. நான் கீழ இருந்திருக்கேன். ஒரு வார்த்தை, ‘ஆவுடை, மேல வா’ன்னு ஒரு வார்த்தை. வந்திருக்க மாட்டேனா? ஞானத்தைத் தூக்கி அடுப்புல போட்டுட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா? பெத்தவளுக்குச் சொல்லாம ஒரு தகப்பன் மகளைக் கட்டிக்கொடுப்பானா? அவ தலையில நான் பூ வச்சிருக்க வேண்டாமா?

இருங்க. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

அவுககிட்ட நான் ஒண்ணும் கேக்கல. கொண்டியை மறுபடி பழைய ஓட்டையிலயே வச்சு ஆணியைத் தட்டிட்டேன், பூட்டு பூட்டுனபடியே இருக்கு. ஊருல இருந்து வந்தாக, சோறு போட்டேன். ‘தென்காசியில நல்ல கூட்டம்’னாக. ‘அப்படியா’ன்னேன். நானும் பெட்டி வைக்கக் கத்துக்கிட்டேன் பாருங்க.

தம்பி, நீங்க ஐயாவைக் கூட்டிட்டுப் போகணும்னா போங்க, உங்க இஷ்டம். அவுக வருவாக, நல்லாப் பேசுவாக, உங்க சம்சாரம் கண்ணைத் தொடைச்சுக்கிடுவா. நீங்க நிம்மதியா வேலைக்குப் போகலாம். ஆனா அந்தச் சட்டையை அவ மடியில இருந்து எடுத்துராதீய. எடுத்து நீங்க ஒளிச்சு வச்சுக்கிடுவீய, எனக்குத் தெரியும். ஆம்பளைக எல்லாம் ஒரே மாதிரிதான். இப்பவே உங்க பையில ஏதோ வச்சிருக்கீய, அதான் நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து ஜிப்பைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கீய. என்னன்னு எனக்குக் காட்ட வேண்டாம். அவகிட்டக் காட்டுங்க.

வாசக் கேட்டுச் சத்தம் கேக்குதா? வந்துட்டாக. செருப்பைக் கழட்டுதாக. நேரா பின்வாசல் வழியா மாடிக்குத்தான் போவாக, இந்தப் பக்கம் வரமாட்டாக. போங்க, மேல போங்க, ஆளுக வர ஆரம்பிச்சிருவாக. நீங்க பின்னால தள்ளி உக்காந்துக்கிடுங்க. நான் இந்த முந்தியைச் சரி பண்ணிக்கிட்டு வாரேன். ரவிக்கைதான் எனக்குப் பத்தல, வேற போட்டிருக்கேன். மத்தபடி சேலை நல்லாத்தான் இருக்கு, என்ன? இந்த மஞ்சக் கறை வெளிய தெரியுதா? தெரியட்டும்.

கன்னிக்கு வச்ச துணியை வீட்டுப் பொம்பளைதான் உடுத்தணும். அதுதான் முறை. அதுகூடத் தெரியாம இம்புட்டு வருஷம் பூட்டி வச்சிருந்திருக்காக. நான் இதைக் கட்டிக்கிட்டு இன்னைக்கு அவுகளுக்கு நேரா, முதல் வரிசையில உக்காரப் போறேன். எம்மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும், சேலைங்கிறது ஒரு பேரு, ஒரு வடிவுன்னு.